எட்டாவது மேற்கோள்

பிரியமுள்ள மதினிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் மாடிக்குப் போய், கொடியில் நேற்று சாயங்காலம் போட்ட துண்டைத் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. தெற்கே ஆனைக்குட்டம் பக்கம் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

இது நீ செய்துவந்த வேலை. பல் விளக்குவதற்கு முன்பே மாடியேறித் துண்டைத் தொடுவாய். மொடமொடவென்று இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வருவாய். ஈரமாக இருந்தால் அடுப்படி வாசலில் நின்று, "இன்னைக்கு எங்க ஊர்ல மருந்து கலக்கக் கூடாத நாளு" என்பாய். விடிந்ததும் விடியாததுமாக இதென்ன பேச்சு என்று அம்மா முறைப்பாள். உனக்கென்ன, நீ தாயில்பட்டிக்காரி. உன் அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் நின்றவர். ஈரத்துக்குப் பயப்பட உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

நீ போனபிறகு நான் துண்டைத் தொட்டதில்லை. இப்போது சில நாளாகத் தொடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் நன்றாக இருக்கிறான். மிளகாய்வத்தல் கடையிலிருந்து வந்ததும் தும்மல், பிறகு குளியல், பிறகு செய்தி, எல்லாம் பழையபடிதான். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதில் எதையோ மறந்துவிடுகிறான். எதை என்று நானும் கண்டுபிடிக்கவில்லை, அவனும் கேட்பதில்லை. உன் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருகிறான். உன் புடவைகளை யாருக்கும் கொடுக்க விடவில்லை.

நான் இன்னும் அதே கல்லூரி, அதே வேதியியல் துறை. நீயும் நானும் எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரே பெஞ்ச். பிறகு ஒரே துறையில் வேலை. பிறகு நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஒரே வீடு. நாலு பேருக்கு முன்னால் மதினி என்று கூப்பிடு, தனியாக இருக்கும்போது கோமு என்று கூப்பிடு என்று சொன்னாய். உன்னைச் சீண்டுவதற்காகவே எப்போதும் மதினி என்றுதான் கூப்பிட்டேன். "ஏட்டி, அப்படிக் கூப்பிடாத, கிழவியான மாதிரி இருக்கு" என்பாய். கிழவியாக உனக்கு நேரமே கிடைக்கவில்லை.

நான் முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிந்திருப்பது உனக்குத் தெரியும். நீ சேர்த்துவிட்டதுதான். என் வழிகாட்டி நம் துறைத்தலைவர், நாம் சார் என்றே கூப்பிடுகிற அதே சார். ஆய்வேடு முடிந்துவிட்டது மதினி. தட்டச்சு முடிந்து, மூன்று பிரதிகள் கட்டாக மேசைமேல் இருக்கின்றன. சார் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இந்த வயதில் எனக்கென்று இருப்பது அந்தக் கட்டு ஒன்றுதான். அதை நீயும் அறிவாய்.

நீ ஆய்வு தொடங்கிய காலம் நினைவிருக்கிறதா? சனிக்கிழமைகளில் மதுரைக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவாய். சில நாள் நானும் கூட வருவேன். தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போவோம். அங்கே ஒரு மூலை அலமாரியில் தலையணை கனத்தில் தொகுதி தொகுதியாக இருந்தது மேற்கோள் அட்டவணை. உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. ஒரு பக்கம் பார்ப்பதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். நீயோ கதைப் புத்தகம் மாதிரி புரட்டுவாய்.

எனக்கு முதலில் அது விளங்கவில்லை. ஒரு கட்டுரையின் கடைசியில் அது யார் யாரையெல்லாம் படித்து எழுதப்பட்டது என்று பட்டியல் இருக்கும். அதைப் பிடித்துப் போனால் பழையதற்குப் போகலாம், பின்னோக்கி மட்டும். இந்த அட்டவணை முன்னோக்கிக் கூட்டிப்போனது. ஒரு பழைய கட்டுரையின் பெயர் கையில் இருந்தால் போதும். அதற்குப் பிறகு வந்தவர்களில் யார் யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடும். பொருளை வைத்துத் தேடினால், ஈரம் என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் நீராவி என்று எழுதியிருப்பார், தப்பிப்போய்விடும். மேற்கோளைப் பிடித்துப் போனால் தப்பாது. ஒரே ஒரு பழைய கட்டுரையை வைத்துக்கொண்டு, அலுமினியப் பவுடரும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் யோசித்தவர்களை எல்லாம் அந்த மூலையில் உட்கார்ந்தே நீ கண்டுபிடித்தாய்.

ஒரு கட்டுரை நல்லதா கெட்டதா என்பதையும் இது சொல்லுமா என்று கேட்டேன்.

"மாப்பிள்ள நல்லவனான்னு மாப்பிள்ள வீட்டுலயா கேப்பாக? வேற யாரெல்லாம் அவன் பேரச் சொல்றாகன்னு பாக்கணும். அதான் இது."

"பேரச் சொன்னாப் போதுமா மதினி? புகழ்ந்து சொல்றாகளா, திட்டிச் சொல்றாகளான்னு தெரிய வேண்டாமா?"

"அதுக்கு அவுக வீட்டுக்கே போயிக் கேக்கணும்ட்டி. இது வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும்."

இரண்டு தயிர்சாதத்துக்கு நடுவில் நீ சொன்ன அந்த வார்த்தையைத்தான் இந்த ஒரு மாதமாகச் சுமந்துகொண்டு அலைகிறேன்.

நீ எழுதியது ஒரே ஒரு கட்டுரை. இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதை அடக்க எங்கள் பக்கத்தில் போரிக் பவுடர் சேர்ப்பது உண்டு, கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே சாமான். "எம் பொண்டாட்டி கேரம் போர்டுல டாக்டர் பட்டம் வாங்கப்போறா" என்று அண்ணன் கடை முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். போரிக் அந்தச் சூட்டைத் தாமதப்படுத்துகிறது என்று நீ எழுதினாய். சுருக்கத்தில் அது இருந்தது. தாமதப்படுத்துகிறதே தவிரத் தடுப்பதில்லை, ஈரக் காற்றில் சூடு பிறகு வந்தே தீரும், ஆகவே மிஞ்சிய மருந்தை இரவு முழுக்க வைத்திருக்கக் கூடாது என்றும் எழுதினாய். அது கடைசிப் பத்தியில் இருந்தது. சுருக்கத்துக்கு அவர்கள் கொடுத்த இடம் அவ்வளவுதான் என்று அன்று சலித்துக்கொண்டாய்.

கட்டுரை வெளிவந்த இதழ் மதுரையிலும் இல்லை, நம் கல்லூரியிலும் இல்லை. அவர்கள் அனுப்பிய தனிப்பிரதிகளைத்தான் நீ நாலு பேருக்குக் கொடுத்தாய். பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. ஆய்வேடு பாதியில் நின்றது.

அதற்குள் அந்தத் தலையணைத் தொகுதிகள் கணினிக்குள் போய்விட்டன. சுருக்கத்தைக் கணினியில் யாரும் படிக்கலாம். முழுக் கட்டுரைக்குப் பணம் கட்ட வேண்டும். படுக்கையில் கிடந்தபடி நீ என்னிடம் கேட்பாய், எவனாவது பேரைச் சொன்னானா என்று. நான் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்பேன். நீ சிரிப்பாய்.

"ஒரே ஒருத்தன் சொன்னாப் போதும்ட்டி. திட்டிச் சொன்னாலும் சரி. படிச்சிட்டுத் திட்டட்டும்."

நீ போகும்வரை அந்த இடத்தில் சைபர்தான் இருந்தது.

நீ போன பிறகு வருஷங்கள் கழித்து அது ஒன்றாயிற்று. நம் நூலகத்தில் அந்த ஒற்றைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மேற்கோள் காட்டியவர் நம் சார்தான் என்று தெரிந்ததும் இன்னும் அழுகை வந்தது. அவர் அறைக்கு ஓடிப் போய்க் கும்பிட்டேன். அவர் கட்டுரைப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்தேன். பார்த்ததும் எழுத்து கலங்கிவிட்டது. மேலே அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று அன்று படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். பேரைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று கேட்டான். ஒன்றும் கிடைக்காது என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பால்கோவா வாங்கி வந்தான்.

அதன்பின் இரண்டு, மூன்று என்று ஏறியது. ஏழுவரை வந்தது. வாசலில் நின்றபடியே நானும் ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டேன். கல்லூரிக்குத் தரம் பார்க்கக் குழு வந்தபோது, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை என்று உன் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். பெயருக்கு முன்னால் 'மறைந்த', பெயருக்குப் பின்னால் ஏழு. நடுவில் நீ.

ஆடி முடிந்ததும் சார் ஒரு பாதுகாப்பு வகுப்பு நடத்தினார். உங்கள் பக்கத்துக் கம்பெனிகளின் போர்மேன்களுக்காக, ஒரு கல்யாண மண்டபத்தில். என்னையும் கூட்டிப்போனார். முன்வரிசையில் உன் தம்பி முருகேசன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது போர்மேன். சார் திரையில் உன் கட்டுரையின் தலைப்பைக் காட்டி, இது இந்த ஊர்ப் பெண் எழுதியது, ஈரத்தால் வருகிற சூட்டைப் போரிக் கட்டுப்படுத்திவிடுகிறது என்று நிரூபித்தது என்றார். முருகேசன் பக்கத்தில் இருந்தவன் தொடையைத் தட்டிக் காட்டினான், எங்க அக்கா என்று.

பிறகு எழுந்து கேட்டான்: "அப்ப சார், மிச்ச மருந்த மூடி வச்சு மறுநா காலைல எடுத்துக்கிடலாமா?"

"போரிக் போட்டிருந்தாப் பயமில்ல தம்பி. ஒங்க அக்காவே சொல்லியிருக்காங்களே" என்றார் சார். மண்டபம் கைதட்டியது.

நான் எழுந்தேன் மதினி. சார், அந்தக் கட்டுரையில் அப்படி இல்லை, தள்ளிப்போடும் என்றுதான் இருக்கிறது, தடுக்காது என்றேன். சார் கோபப்படவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா வசந்தா, ஏழு பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க. ஏழு பேருமா தப்பாப் படிச்சிருப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். முருகேசனும் சிரித்தான். அவன் கேலியாகச் சிரிக்கவில்லை, அக்காவை நினைத்துப் பெருமையாகச் சிரித்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வீடு திரும்பியதும் உன் தனிப்பிரதியை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்தேன். நீ எழுதியது எழுதியபடியே இருந்தது. அதன் பிறகுதான் வாசலைத் தாண்டி உள்ளே போகத் தொடங்கினேன். சாருடையது கையில் இருந்தது; மற்ற ஆறு கட்டுரைகளை எழுதியவர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பிரதி கேட்டு வாங்கினேன். எல்லோரும் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொன்றிலும் உன் பெயர் வருகிற வாக்கியத்தைத் தேடிப் பென்சிலால் கோடு போட்டேன்.

நீ எழுதியது, தாமதப்படுத்துகிறது. சார் எழுதியது, கட்டுப்படுத்துகிறது. சார் கட்டுரையைப் பார்த்து எழுதியவர், தடுக்கிறது என்று எழுதியிருந்தார். அவரைப் பார்த்தவர், முற்றிலும் தடுக்கிறது என்றார். கடைசி இரண்டு பேர், போரிக் சேர்த்த கலவையைச் சேமித்துவைப்பது பாதுகாப்பானது என்றே எழுதிவிட்டார்கள், அதற்குச் சான்றாக உன் பெயரைப் போட்டு. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை அளவுக்குத்தான் நகர்ந்திருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர்கூட உன் கடைசிப் பத்தியைப் பார்த்ததில்லை. ஏழு பேர் உன் பேரைச் சொன்னார்கள். ஒருவரும் உன் வீட்டுக்கு வரவில்லை.

இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க உதவியதும் அதே அட்டவணைதான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அது ஒளிக்காமல் காட்டுகிறது. கேட்பவன் கேட்டால் சொல்கிறது. ஏழு என்ற எண்ணோடு திரும்பிப் போகிறவனை அது தடுப்பதில்லை. அதைக் குறைசொல்லி என்ன செய்ய? எண்ணைப் பார்த்து நானும்தானே பால்கோவா தின்றேன்.

ஏழு கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அவரிடம் நீ கொடுத்த பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியைத் திறந்து தேடி எடுத்தார். முதல் பக்கத்தில் உன் கையெழுத்து. உள்பக்கங்கள் அச்சகத்தில் ஒட்டியிருந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. அவரே விரலால் பிரித்தார். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

நான் அவரைக் கெட்டவராகச் சொல்ல மாட்டேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு லீவு எழுதாமலே லீவு கொடுத்தவர். உன்னை எடுத்த அன்று அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றவர். அவர் மெதுவாகத்தான் பேசினார். இதழுக்குத் திருத்தம் அனுப்பினால், தன் கட்டுரையைக் காட்டி வாங்கிய திட்டப்பணி போய்விடும், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்றார். வகுப்பு நடத்திய கம்பெனிகளுக்காவது சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா என்றார்.

பிறகு என் ஆய்வேட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. முந்தைய ஆய்வுகளைச் சொல்கிற இரண்டாம் இயலில், அவர் எழுதிய அதே வாக்கியம் உன் பெயரோடு வர வேண்டும். வராவிட்டால் இவ்வளவு மேற்கோள் பெற்ற கட்டுரையை, அதுவும் சொந்த வழிகாட்டியே மேற்கோள் காட்டியதை, ஏன் விட்டாய் என்று தேர்வாளர் கேட்பார். வேறுமாதிரி எழுதினால் அவரால் கையெழுத்துப் போட முடியாது.

"ஒரு வரிம்மா. யாரு படிக்கப்போறா?" என்றார்.

அதுதான் மதினி எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னது உண்மை. யாரும் படிக்கப்போவதில்லை. படிக்காமலே எடுத்துப் போடப்போகிறார்கள். ஆனாலும் அந்த வரியைச் சேர்த்துத்தான் தட்டச்சு செய்யக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் போனேன். கடைக்கு ஆள் அனுப்பி முருகேசன் கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். எனக்கு நீ மதினி, அவனுக்கு நான் மதினி. வீட்டில் அந்தக் கேலி இன்னும் நடக்கிறது. ஒல்லியாகிவிட்டீக மதினி, காலேஜில் சோறு போடுறதில்லையா என்று அவன் பெண்சாதி கேட்டாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். மிச்ச மருந்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

சீசன் அல்லவா, லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. சாயங்காலம் மிஞ்சுவதை அழித்துவிட்டு மறுநாள் புதிதாகக் கலந்தால் பாதிப் பொழுது போய்விடும். அதனால் மூடி வைத்துவிட்டுக் காலையில் முதல் வேலையாக எடுக்கிறார்களாம். முன்பும் அங்கங்கே நடப்பதுதான், நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் அவன் அடுத்துச் சொன்னது நீ கேட்காதது.

"முன்னாடி பயந்து பயந்து வச்சோம் மதினி. இப்பப் பயமில்லாம வக்கிறோம். நான் அக்கா பேரச் சொல்லித்தான் மூடுறேன்."

கலர் டம்ளரைக் கீழே வைத்தேன். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா எழுதியது இது, அவர்கள் படித்தது அது என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். நம்பினானா என்று தெரியவில்லை. உன் பெயரை அவனிடமிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் தலையை நிமிர்த்தினான்.

"எனக்கு நீங்க சொன்னாப் போதும். மொதலாளிக்குப் போதாது. சார் சொன்னதுக்கு ஏழு பேரு சாட்சி இருக்கு. நீங்க வாயில சொல்றீக. எங்கனயாவது அச்சுல இருக்கா மதினி? கையெழுத்துப் போட்டுக் குடுப்பீகளா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். வெம்பக்கோட்டை ரோட்டில் பஸ் வரும்வரை வெயில் சுள்ளென்று அடித்தது. இந்த வெயில் தீபாவளிவரை நின்றுவிட்டால் போதும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கெஞ்சுகிற இடத்துக்கு வந்துவிட்டேன் பார். இரண்டு பட்டம் வாங்கியவள், வெயிலை நம்பி நின்றேன்.

அன்றிலிருந்துதான் துண்டைத் தொடுகிறேன். திங்கள் முதல் நேற்றுவரை காய்ந்து கிடந்தது. இன்று ஈரம்.

மதினி, நீ எதற்காக அவ்வளவு பாடுபட்டாய்? உன் அப்பா வேலைபார்த்த அறைக்குள் யாரும் எரிந்துபோகக் கூடாது என்றுதானே? நீ எழுதாமலே இருந்திருந்தால், அவர்கள் பயத்தோடாவது இருந்திருப்பார்களே என்று தோன்றுகிறது. இப்படித் தோன்றுவதற்கு என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் தோன்றுகிறது. அறிவு என்று நாம் கும்பிட்டது, கைமாறிக் கைமாறிக் கடைசியில் உன் தம்பி மூடிவைக்கிற சட்டியின்மேல் ஒரு மூடியாகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணனிடம் சொன்னால் அவன் வெள்ளிக்கிழமைப் பூவைக்கூட நிம்மதியாகப் போட மாட்டான்.

காலையில் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். ஆய்வேட்டுக் கட்டைப் பிரித்து, இரண்டாம் இயலில் அந்த வாக்கியம் இருந்த பக்கத்தை மூன்று பிரதிகளிலிருந்தும் எடுத்துக் கிழித்துப்போட்டேன். பிறகு இரண்டு வேலை செய்தேன். உன் கட்டுரை வெளிவந்த அதே இதழுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி முடித்தேன். உன் கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, ஏழு கட்டுரைகளையும் வரிசையாகப் பெயர் சொல்லி, எந்த வார்த்தை எங்கே மாறியது என்று எழுதியிருக்கிறேன். முதல் பெயர் சாருடையது. அவர்கள் அச்சிட்டால் அதுவும் அட்டவணையில் ஏறும். உன் பெயரைத் தேடி வருகிறவன் கண்ணில் அந்த ஏழோடு இதுவும் படும். ஒருவனாவது இதைத் திறந்து பார்க்கலாம். திறக்காமலும் போகலாம். அட்டவணைக்கு என்ன தெரியும்? அதற்கு நானும் ஒரு மேற்கோள். நம் கல்லூரியில் ஏழு என்பதை அழித்துவிட்டு எட்டு என்று எழுதுவார்கள், கைதட்டுவார்கள்.

அந்தக் குறிப்பு அச்சில் வர மாதங்கள் ஆகும். மேகம் அதுவரை காத்திருக்காது. அதனால் உன் கடைசிப் பத்தியைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதினேன். மிஞ்சிய மருந்தை அன்றன்றைக்கே அழிக்க வேண்டும், வகுப்பில் சொன்னது தவறு என்று கீழே எழுதி, என் பெயரும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

பத்து மணிக்கு நான் சார் அறைக்குப் போகப்போவதில்லை மதினி. தாயில்பட்டி பஸ் ஏறுகிறேன். முருகேசனிடம் கொடுத்து அனுப்ப மாட்டேன். அவன் முதலாளி முன்னால் நானே நின்று இதைக் கொடுப்பேன், உன் தனிப்பிரதியோடு. அவர் படிப்பாரா, சிரிப்பாரா தெரியாது. இன்றைக்கு மிஞ்சுகிற மருந்தை இன்றைக்கே அழிப்பார்களா, அதுவும் தெரியாது. சாயங்காலத்துக்குள் செய்தி சாருக்குப் போய்விடும். அதன்பிறகு எனக்கு முனைவர் பட்டம் இல்லை. இதை அண்ணனிடம் சொல்லவில்லை, சாரிடம் சொல்லவில்லை, முருகேசனிடமும் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இனி உன் பெயரை எங்கே பார்த்தாலும் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டேன்; உள்ளே போய், சொன்னவர் என்ன சொன்னார் என்று பார்த்துவிட்டே வருவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. ஒரே ஒருத்தர் போதும் என்றாயே, படித்துவிட்டுச் சொல்கிற ஒருத்தர். வர இவ்வளவு காலமாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உன் வீட்டுக்கு வந்து படித்தவள்,
உன் நாத்தனார்
வசந்தா